ஐந்து மஞ்சள் சட்டைகள்

போன வருடம் கோடை விடுமுறையில், திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி காலையில் நடந்தது இது. என் பிள்ளைகள் இரண்டு, தங்கை பிள்ளைகள் மூன்று என ஐந்து வாண்டுகளை நான் ஒருவனாகவே கிரிவலம் அழைத்துப் போனேன். "கவலைப்படாத, என் கண்ணுக்குத் தப்பி எறும்புகூடப் போவாது" என்று தங்கையிடம் ஜம்பம் வேறு! தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஐவருக்கும் மஞ்சள் சட்டை மாட்டியிருந்தேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டியதும் வந்தது வினை. மஞ்சள் உடை உடுத்திய பக்தர் கூட்டம் ஒன்று குழந்தை குட்டிகளோடு எங்களுக்குள் புகுந்து கடந்தது. ஒவ்வொரு மஞ்சள் சட்டையாகத் தேடித் தேடி எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஐந்து. அப்பாடா!

சற்று நேரமாக எங்கள் பின்னாலேயே ஆடு ஓட்டி வந்த ஒரு பெண், "அண்ணா, கடைசில வர்ற புள்ள உங்களுது இல்ல. உங்க பாப்பா அந்தக் கொளத்துப் பக்கம் போயிட்டுது!" என்று கத்தினார்.

திரும்பினால், ஐந்தாவதாக நின்றது யாரோ ஒரு குழந்தை! தங்கையின் கடைக்குட்டியைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. மற்றவர்களைக் கைகோத்து நிற்கச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார். குளத்தின் கடைசிப் படியில் மீன் பார்க்கக் குனிந்திருந்தவளை அப்படியே வாரித் தூக்கினார். குழந்தையைக் கட்டிக்கொண்டு குளக்கரையிலேயே அழுதேன்.

நாங்கள் திரும்பும்போது அந்த வேற்றுக் குழந்தையை அதன் அம்மா தேடி வந்து அணைத்துக்கொண்டிருந்தார். ஆடுகளில் இரண்டு பழக்கடையில் வாய் வைத்திருந்தன. ஆட்டுக்காரப் பெண் ஒரே பார்வையில் அவற்றைக் கண்டுபிடித்து இழுத்து வந்தார்.

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்றேன்.

"ஒவ்வொண்ணா பாத்தா கோட்டை விட்டுடுவோம்ணா. மந்தைக்கு நடுவுல கண்ண வெச்சுக்கணும். எது ஒதுங்குதோ அது தானா தெரியும்" என்று சிரித்தார். என் பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாராம்!

மிச்ச தூரம் முழுக்க அதையே செய்து பார்த்தேன். என்ன ஆச்சரியம்! ஐந்து பேரும் ஒரே பார்வைக்குள் வந்துவிட்டார்கள்.

தங்கையிடம் உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றுவரை, நடுவில் கண் வைத்து நடந்தாலும், ஐந்து என்று எண்ணி முடித்த பிறகும், அந்த ஐந்தும் நம்முடையதுதானா என்று முகம் பார்க்காமல் நான் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.