நான் ஒதுக்கி வைத்த தட்டு

1. கையொப்பம்

வெள்ளிக்கிழமைக்குள் தகப்பனின் கையொப்பம் வராவிட்டால் ஆரணியின் படம் போகாது என்று வகுப்பாசிரியை ஃப்ராவ் பெக்கர் சொன்னது ஒரு திங்கட்கிழமை.

ஜேர்மனியின் ஹம் நகரப் பாடசாலை ஒன்றில் அந்த ஆண்டு நான் சினிமா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவின் பல நாட்டுப் பாடசாலைகள் ஒரே திட்டத்தில் சேர்ந்திருந்தன. எல்லா வகுப்புகளும் ஒரே படங்களைப் பார்க்கும், ஒரே பயிற்சியைச் செய்யும். கடைசியில் ஒவ்வொரு வகுப்பும் தான் எடுத்தவற்றில் ஒன்றை மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டும்.

அந்த முறை பயிற்சி, வீட்டில் மூன்று நிமிடம், ஒரே ஷாட். கமராவை ஓரிடத்தில் வை, யாரையும் எதுவும் செய்யச் சொல்லாதே, எதையும் மாற்றாதே. கரும்பலகையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதியவன் நான்தான்.

ஆரணிக்குப் பதினைந்து வயது. வகுப்பில் ஒரு நாளும் கை தூக்கியதில்லை. அவள் எடுத்து வந்தது இதுதான்: பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை முடித்து மத்தியானம் வந்த தகப்பன், சாறமும் பெனியனுமாகக் குசினி அடுப்படியில் நிற்கிறார். பொரித்த மீனில் விரலால் முள்ளெடுத்து, சதையை ஒரு தட்டில் சோற்றோடு வைத்து மூடுகிறார். பிறகு மிச்சத்தை நின்றபடியே கையால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான். வகுப்பே சத்தமில்லாமல் பார்த்தது. அதையே அனுப்பலாம் என்று எல்லோரும் சொன்னபோது அவள் சிரித்ததை முதல்முறையாகக் கண்டேன்.

தகப்பன் கையொப்பம் வைக்க மறுத்துவிட்டார். உங்கள் மொழிக்காரர்தானே, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று ஃப்ராவ் பெக்கர் என்னை அனுப்பினார்.

2. லைட்

அன்று பின்னேரமே ஆரணி வீட்டுக்குப் போனேன். தகப்பன், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் கண்டு பழகிய முகம்தான். பெயர் சிவநேசன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டுக்கு ஆராவது வந்தாலே நான் காற்சட்டை போட்டிட்டுத்தான் கதவைத் திறக்கிறனான், அண்ணை. ஆரோ தெரியாத பிள்ளையள் பாக்க, சாறத்தோட நிண்டு கையால சாப்பிடேலுமே?"

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அதுதான் வினை. இந்த வேலைக்கு வருமுன் பல வருடம் சனி, ஞாயிறுகளில் சாமத்தியவீடு, கலியாணவீடு என்று வீடியோ எடுத்துத் திரிந்தவன் நான். எங்கள் வீடியோக்களில் சாறம் கட்டிய மனிதன் ஃபிரேமுக்குள் வரமாட்டான். முதலில் வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை ஒதுக்குவோம், பிறகு சோப்புப் போத்தலை ஒதுக்குவோம், பிறகு லைட் போடுவோம்.

"அப்ப வேறை மாதிரி எடுப்பம்" என்றேன். அவருடைய முகம் தெளிந்தது.

அடுத்த நாள் இரண்டு லைட்டோடு போனேன். மினுக்கிய சேர்ட், மேசை விரிப்பு, கரண்டி எல்லாம் தயாராக இருந்தன. அடுப்பின் மேல் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடியபடி இருந்தது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தது. தகப்பனும் மகளும் மேசையை நகர்த்திக்கொண்டிருந்தபோது அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன்.

ஆரணி கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், ஒண்டையும் மாத்தக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அப்பாவின் கையொப்பத்துக்காகத்தான், கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் பட்டனை அழுத்தினாள். சிவநேசன் கமராவைப் பார்த்து, கரண்டியால் மூன்று நிமிடம் சாப்பிட்டார். பிறகு கையொப்பமும் வைத்தார். பெரிய காரியம் செய்து முடித்தவன்போல வீட்டுக்கு வந்தேன்.

3. லிஸ்பனிலிருந்து ஒரு கேள்வி

வியாழக்கிழமை காலை லிஸ்பன் வகுப்போடு கணினி வழியே ஒத்திகை. படம் முடிந்ததும் அங்கிருந்த ஒரு பையன், இது விளம்பரமா என்று கேட்டான். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே கேட்டான். இவர் ஏன் எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார், யாராவது அப்படிச் செய்யச் சொன்னார்களா என்றும் கேட்டான்.

மணி அடித்த பிறகு ஆரணி என்னிடம் வந்தாள். அழவில்லை.

"என்ர படத்தை எடுத்துவிடுங்கோ, அங்கிள். ஒண்டும் அனுப்ப வேண்டாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை விதியைக் காப்பாற்றியிருந்தாள், எழுதிப் போட்ட நானே மீறியிருந்தேன்.

4. இரண்டு படங்கள்

அன்று மத்தியானமே சிவநேசன் வீட்டுக்கு மறுபடி போனேன். லைட் கொண்டுபோகவில்லை. பிழை என்னுடையது, கையொப்பம் கேட்டு வரவில்லை, இரண்டையும் ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் நான் எடுப்பித்ததைப் போட்டேன். தன் சேர்ட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு மகள் எடுத்தது. திரையில் அவருடைய விரல்கள் மீனைத் தடவித் தடவி முள்ளெடுத்தன. அதை மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை முடிந்ததும் எழுந்து அலுமாரியைத் திறந்தார்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் முழுக்க அவளின்ர சாப்பாட்டைத் தேடினனான். இதுக்குள்ளதான் கிடந்தது. நீங்களோ வைச்சது?"

ஓம் என்றேன்.

பாடசாலை நாளோ லீவு நாளோ, மகளுக்காக ஒவ்வொரு நாளும் அப்படித்தான் எடுத்து வைப்பாராம். சின்ன வயதில் ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அவள் மீன் என்றாலே பயப்படுவாளாம். கதை கேட்டபடி நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவர் பேனையை எடுத்தார்.

"கரண்டியால முள்ளெடுக்கேலாது, அண்ணை. புதுப் போர்ம் இருந்தால் தாங்கோ."

வெள்ளிக்கிழமை சாறமும் பெனியனுமாகவே சிவநேசன் திரைக்கு வந்தார். முடிந்ததும் அதே லிஸ்பன் பையன்தான் கேட்டான், அந்த மூடி வைத்த தட்டு யாருக்கு என்று.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் ஆரணி கை தூக்கிவிட்டாள். எழுந்து நின்று, எனக்கு என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது அன்று படித்ததைத்தான். ஒரு வீட்டுக்குள் கமராவோடு போனால் அங்கே எதையும் ஒதுக்காதீர்கள். அது யாருக்காக வைத்தது என்று உங்களுக்குத் தெரியாது.