ஷெட்டுக் கதவில் அண்ணன் வீசிய டீ

நெய்வேலி குவார்ட்டர்ஸ்களில் பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. படிப்பு எட்டாவதோடு நின்றது. புதிதாக பிரஷ் பிடிக்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

சாமான் போட்டிருக்கும் ஷெட்டின் இரும்புக் கதவை ஒருநாள் அடிக்கச் சொன்னார் மேஸ்திரி காஜா பாய். கதவு முழுக்கத் துரு. கீழ்மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு கறை. அது என் அண்ணன் குமாரின் வேலை. அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கதவோரம் உட்கார்ந்து பாலில்லாத கடும் டீ குடிப்பான். மிஞ்சியதைக் கதவில் வீசுவான். போன வருஷம் காமாலையில் போய்விட்டான்.

கதவெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், உதிர்கிற துரு மட்டும் போயிற்று. கறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவன் இங்கே வேலை செய்ததற்கு வேறு அடையாளமே இல்லை.

"ஏன்டா, அந்த மூலைக்கு மட்டும் லீவா?" என்றார் மேஸ்திரி. சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த அவர் மகள் நஸ்ரின், காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"துருங்கறது இரும்பு ஆக்சைடுண்ணா. டீயில துவர்ப்பா இருக்குதே, டானின், அது துரு மேல புடிச்சிக்கினு கறுப்பா மாறிடுது. அந்த எடத்துல மறுபடி துரு சீக்கிரம் ஏறாது. ஏன் தேய்க்கறீங்க?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே கடையிலிருந்து ஒரு பிளாஸ்க் டீ வாங்கிவந்து கதவு முழுக்கப் பூசினேன். கறுக்கவில்லை. எறும்புதான் வந்தது.

"கதவுக்கு பிஸ்கட்டும் வாங்கியாரட்டுமா?" என்றார் மேஸ்திரி.

நஸ்ரினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடை டீயில் இருக்கிற பால் டானினை முன்பே பிடித்துக்கொள்ளுமாம். கதவைக் கழுவிவிட்டு, வெறும் டீத்தூளைத் திக்காகக் கொதிக்கவைத்து பிரஷ்ஷால் இழுத்தேன். மறுநாள் கதவு முழுக்கக் கறுப்பு. அண்ணன் வீசியது எது, நான் பூசியது எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்படியே விட்டால் மழையில் நிற்காது, பிரைமர் போட்டால்தான் தங்கும் என்றாள். அந்த மூலையைக் கடைசியாக வைத்திருந்து நானே மூடினேன்.

ஆகவே தம்பிகளா, உதிர்கிற துருவைச் சுரண்டுங்கள். ஒட்டி நிற்பதற்கு டீ கொடுங்கள். காய்ந்ததும் பிரைமர்.

இப்போது எங்கள் ஆட்களுக்கெல்லாம் பாலில்லாத டீதான். மிஞ்சியதை யாராவது தரையில் கொட்டினால், "டேய், துரு எங்க இருக்குதுன்னு பார்த்து ஊத்துடா" என்கிறார் மேஸ்திரி.