கொடுக்கியின் பிள்ளை

வன்னியில் விண்வெளிப் பேயை முதன்முதலில் கண்டவள் நான்தான். சரி, கொஞ்சம் கூடிவிட்டது. எனக்கு முன்னால் சாக்கில் குந்தியிருந்த சின்னஞ்சிறுசுகள் என்னை முந்திக் கண்டிருப்பார்கள். கதிரையில் இருந்து கண்டவர்களில் முதல் ஆள் நான்தான் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அன்று அங்கே இருந்தது ஒரேயொரு கதிரை.

அந்தப் பேய்க்குக் கொடுக்கி என்று பெயர் வைத்தவள் கமலாசனி. இது அவளுடைய கதை.

கமலாசனி விசுவமடுவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவள். திருவிழா, சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, தொலைந்துபோன மாடு, எதுவானாலும் ஊருக்கு அவள் குரலில்தான் செய்தி. குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு மகளான இவளுக்குச் சேறு பிடிக்காது, மைக் பிடிக்கும். புருசன் பரமேஸ்வரன் இருக்கும்வரை வயர் இழுத்தான். அவன் போனபிறகு வயரையும் அவளே இழுக்கிறாள், பெட்டிகளை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் அவளே ஓட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அவள் எடுத்த புள்ளிகளை வெளியே சொன்னால் எனக்குத்தான் மானக்கேடு.

போர் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிவந்த காலம். மின்சாரம் கிடையாது. தார்ப்பாய்ப் படங்கால் வேய்ந்த கொட்டிலுக்குள் ஜெனரேற்றரை இயக்கி, ரீவியில் ஓர் ஆங்கிலப் படம் போட்டாள் கமலாசனி. வானத்தில் போகும் சரக்குக் கப்பல். அதற்குள் பல கால்களோடும் கொடுக்கோடும் ஏதோவொன்று புகுந்து ஆட்களை ஒவ்வொருவராகத் தின்கிறது. படித்த மனுசி என்று மைக்கை என்னிடம் தந்தார்கள். நானும் பிழையில்லாமல் தமிழாக்கம் செய்தேன். ஒரு வசனத்தைச் செம்மையாக முடிப்பதற்குள் கொடுக்கி இரண்டு பேரை முடித்துவிட்டது.

"ரீச்சர், பாடம் படிப்பிச்சது காணும்!" என்று பின்னாலிருந்து கத்தினார் ஏரம்பர். "அடுத்ததா ஆரைத் தின்னப் போகுதெண்டு சொல்லுங்கோ!"

கமலாசனி என் கையிலிருந்த மைக்கைப் பறித்தாள். படத்தில் பேசியது அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கப்பல் தலைவன் எங்கள் ஊர்க் கமக்காரர் சங்கத் தலைவரைப் போலவே கதைத்தான். சனம் சிரித்து முடிப்பதற்குள் அவனையும் கொடுக்கி தின்றது.

முடிவுக்குக் கிட்ட வரும்போது சீடி இறுகி நின்றது. தட்டினாள், ஊதினாள், சீலைத் தலைப்பால் துடைத்தாள். திரை கறுப்பாகவே கிடந்தது. மைக் மட்டும் வேலை செய்தது. கமலாசனி மிச்சத்தை வாயால் சொன்னாள். கொடுக்கி ஒரு தாய். அதன் பிள்ளையைக் கப்பற்காரர் பிடித்துப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் தேடித்தான் அது வந்தது. கடைசியில் கப்பலில் மிஞ்சிய பெண் பெட்டியை உடைத்து, குஞ்சைத் தன் கோட்டால் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தாள். கொடுக்கி பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஒருவரையும் தீண்டாமல் போய்விட்டது.

அந்தக் கொட்டிலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஆரோ ஒருவர் திரும்பி வராதவர்கள். அவர்களில் ஒருத்தியான தங்கம்மாவின் மூத்த மகன் எங்கே என்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அன்று சனம் அழுத சத்தத்தில் ஜெனரேற்றர் வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

இந்த வருடம் அதே படத்துக்கு முன்கதை வந்தது. கொடுக்கி எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறார்களாம். கொண்டுவந்தவன் நிருஷன், முதல் படம் போட்ட அன்று கொட்டிலில் இல்லாத இளந்தாரி. வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. வேலை முடிந்தால் யூரியூப்பில் படங்களைத் திட்டுவது பொழுதுபோக்கு. பொதுநோக்கு மண்டபத்தின் யன்னல்களைப் படங்கால் மூடி, ஞாயிறு பின்னேரம் திரை கட்டினார்கள். பெட்டியும் மைக்கும் கமலாசனியுடையவை, தமிழில் சொன்னவளும் அவளே. ஊரில் தங்கம்மாவைத் தவிர எல்லாரும் வந்தார்கள். அவள் வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளே இருந்த புழுக்கத்தில் நெல் அவித்திருக்கலாம்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலைந்து பேர் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் எதையோ கலக்கினார்கள். சாடிக்குள் கொடுக்கி முளைத்தது. தாயுமில்லை, பிள்ளையுமில்லை. மனிசர் செய்த சாமான். கமலாசனி மைக்கை மடியில் வைத்துவிட்டாள்.

"உதென்ன விசர்க்கதை?" என்று எழும்பினாள் சுமித்திரா. "சாடிக்குள்ளை பிறந்ததுக்கு எங்காலை பிள்ளை?"

"காசுக்காக முதல் படத்தையும் நாசமாக்கிப் போட்டாங்கள்!" என்றார் ஏரம்பர்.

நிருஷனுக்குச் சந்தோசம். படத்தை நிறுத்திவிட்டு முன்னுக்கு வந்தான். "அதைத்தான் நானும் சொல்லுறன். முதல் படத்திலை நெருப்பைக் கண்டாலே ஓடின மிருகம் இதிலை நெருப்பிலை குளிக்குது. அண்டைக்கு ஆருமே அறியாத மிருகம், இதிலை ஒரு கூட்டமே சேர்ந்து வளக்குது. முன்னுக்குப் பின் ஒண்டும் பொருந்தேல்லை."

"நெருப்பை விடு தம்பி, பிள்ளை எங்கை?" என்று குறுக்கிட்டாள் சுமித்திரா.

"எந்தப் பிள்ளை?"

மண்டபம் ஒரே குரலில் அவனுக்குக் கதை சொன்னது. அவன் வாய் பிளந்து கேட்டான். பிறகு மடிக்கணினியைத் தட்டி, முதல் படத்தின் கடைசிக் காட்சியைத் திரையில் போட்டான். மிஞ்சிய பெண் கப்பலின் கதவைத் திறக்கிறாள். கொடுக்கி வெளியே வெற்றுவெளிக்குள் வீசப்பட்டுச் சிதறுகிறது. அவ்வளவுதான் படம்.

"உது வேறை படம்!" என்றார் ஏரம்பர். "நான் என்ரை கண்ணாலை கண்டனான். பச்சைக் குஞ்சு."

"பச்சையோ? உங்களுக்கு அண்டைக்கே கண் தெரியாது. நல்ல கறுப்பு. மண்ணிறக் கோட்டாலை சுத்தினவள்," என்றாள் சுமித்திரா.

"கறுப்பெண்டால் அந்த இருட்டுக்குள்ளை உனக்கு எப்பிடியடி தெரிஞ்சது?"

பச்சைக் கட்சியும் கறுப்புக் கட்சியும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பின. கோட்டில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது என்று எனக்கே நல்ல ஞாபகம். சொல்ல எழும்பியவள், திரை கறுப்பாய்க் கிடந்ததும் ஞாபகம் வர, திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.

நிருஷன் கமலாசனிப் பக்கம் திரும்பினான். "அன்ரி, உங்கடை வேலையோ?"

"சீடி நிண்டுபோச்செண்டு அண்டைக்கே எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான்," என்றாள் அவள்.

ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. தாங்கள் கண்ணால் கண்ட காட்சி இல்லையென்றால் எவருக்குத்தான் கோபம் வராது? இவ்வளவு நேரமும் படத்தைத் திட்டிய வாய்கள் அவளைத் திட்டத் தொடங்கின.

"அப்ப எங்களைப் பேய்க்காட்டினியோ?" என்றாள் சுமித்திரா. "இவ்வளவு வருசமும் நான் சும்மாவோ அழுதனான்?"

"இனி உவள் செத்தவீடு சொன்னாலும் போய்ப் பாத்துத்தான் நம்ப வேணும்," என்றார் ஏரம்பர்.

"மற்றாக்களை விடுங்கோ, அன்ரி," என்றான் நிருஷன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. அதனால் எல்லாருக்கும் கேட்டது. "தங்கம்மா அம்மா இருந்தவாவெல்லோ? பிள்ளை திரும்பி வருமெண்டு அவவுக்குப் படம் காட்டி நம்ப வைச்சிருக்கிறியள். அது பாவமில்லையோ?"

கமலாசனி பெட்டிகளின் வயரைப் பிடுங்கிச் சுற்றி, லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

படத்தின் மிச்சம் சத்தமில்லாமல் ஓடியது. சனம் படத்தையும் திட்டியது, நிருஷனையும் திட்டியது, தங்களுக்குள்ளும் திட்டிக்கொண்டது. திரையில் செருப்புகள் விழுந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

அன்றிலிருந்து கமலாசனி மைக்கைத் தொடவில்லை. திருவிழாவுக்குக் கேட்டுப் போனவர்களிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கோ, கதைக்க வேறை ஆளைப் பிடியுங்கோ என்றாள். ஏரம்பர் மாடு தொலைத்தபோது அவரே சைக்கிளில் கத்திக்கொண்டு போனார். மாடு வரவில்லை, தொண்டைதான் போனது. மண்டபத்தில் அவளுக்காக ஒரு சொல் சொல்லாமல் இருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால்தான் எங்கள் வாசிகசாலை மலருக்கு இதை எழுதினேன். ஊர் வாசித்தால் அவளிடம் போய் மைக்கைப் பிடி என்று கேட்கும் என்று நினைத்தேன்.

அச்சுக்குக் கொடுக்கமுன் அவளுக்கு வாசித்துக் காட்டப் போனேன். முற்றத்தில் அவளோடு, வவுனியாவிலிருந்து திரும்பிவந்த தங்கம்மாவும் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். நிருஷன் சொன்னதை வாசித்தபோது கமலாசனி குனிந்து கோதுகளை அள்ளினாள். கடைசிப் பந்தியில் கொஞ்சம் உருக்கமாக எழுதியிருந்தேன்: "பாவம் தங்கம்மா. அந்தக் கறுப்புத் திரையில் அவள் தன் மகனையே கண்டாள். அவளுக்காகக் கமலாசனி சொன்ன பொய்யை மன்னிப்போம்."

"ரீச்சர், உந்தப் பந்தியை வெட்டுங்கோ," என்றாள் தங்கம்மா.

"அக்கா, விடுங்கோ," என்றாள் கமலாசனி.

"நீ சும்மா இரு. உனக்கு வாயில்லாட்டில் எனக்கு இருக்கு." தங்கம்மா சுளகை இறக்கி வைத்தாள். "ரீச்சர், நான் ஒருதரையும் காணேல்லை. ரீவி செத்தது எனக்கு வடிவாத் தெரியும், அதுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். இவள் கதையை எப்பிடி முடிக்கிறதெண்டு தெரியாமல் மைக்கோடை முழுசிக்கொண்டு நிண்டவள். நான்தான் சீலையிலை பிடிச்சு இழுத்து, 'அந்தப் பிள்ளையைத் தாயிட்டைக் குடுத்து விடடி' எண்டு சொன்னனான். அதை எழுதுங்கோ."