சித்தி கொட்டிய வெங்காயம்

என் மெஸ்ஸுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: குப்பைக் கூடையில் ஒரு நல்ல வெங்காயம் கிடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று. நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவள். ஆனாலும் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள், ஒற்றை அடுப்பில் இட்லி ஊற்றியவள் இன்றைக்கு மாடி வைத்த மெஸ் நடத்துவது எப்படி என்று எல்லாரும் சொல்வார்கள். படித்தவர்கள் ரசீதைப் பார்ப்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பேன். ஒருத்தரையும் முழுசாக நம்பி நான் வளரவில்லை. அந்தப் புத்தி எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. சித்தியைக் கையும் களவுமாகப் பிடித்தது அப்போதுதான்.

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிது. எங்கள் ஊர் அந்தப் பக்கம், சின்ன வெங்காயம் விளைகிற ஊர். சித்தப்பா அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு அவர் லாரி ஏறிவிட்டார், மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார்; சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். இருபது வயசுக்கு மேல் இருக்காது.

வந்த வாரமே அவள் செலவாளி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரே தீக்குச்சியில் விளக்கையும் அடுப்பையும் பற்றவைக்கிற வீட்டில் அவள் விளக்குக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று கிழித்தாள். நாங்கள் டீத்தூளைக் காலையில் ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி போடுவோம். அவளோ ஒரு கொதியோடு அதைச் செடிக்குக் கொட்டினாள். துவைக்கிற சோப்பு தேய்ந்து போனால் நாங்கள் அந்தச் சில்லைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவோம். அவள் அதை வழித்து எறிந்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பாள். நானும் கூடவே பார்த்திருப்பேன்.

அந்த வருஷம் வெங்காயம் பிடுங்குகிற நேரத்தில் தூறல் விழுந்தது. வியாபாரி கேட்ட விலை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஏறும் என்று சொல்லிக் கொல்லையில் பட்டறை போட்டார். பட்டறை என்றால் கீழே கல் பரப்பி, குச்சி அடுக்கி, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வது. கட்டிய பட்டறையை விற்கிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும், இடையில் கை வைத்தால் விலை இறங்கிப் போகும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. குழம்புக்குக்கூட அதிலிருந்து எடுக்க மாட்டோம். கழித்துப் போட்ட சொத்தை வெங்காயம்தான் எங்களுக்கு. விளைய வைத்தது நாங்கள், நல்லதைத் தின்றது ஊரார்.

பட்டறை போட்டுக் கொஞ்ச நாளில் சித்தி மூக்கைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, என்னமோ நாறுதுக்கா. சோறு எறங்க மாட்டேங்குது.”

“வெங்காய ஊருல வாக்கப்பட்டா வெங்காயந்தாம்மா நாறும். மல்லியப்பூவா மணக்கும்?” என்றாள் அம்மா.

எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்பவள் வேறு எதையோ தின்கிறாள் என்று நான் சந்தேகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தி பட்டறையின் பின்பக்கத் தட்டியை நெகிழ்த்தி உள்ளே கையை விட்டு, வெங்காயத்தை எடுத்து எடுத்து முந்தானையில் போட்டாள். அரியலூருக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவளோ வேலியைத் தாண்டிப் பள்ளத்தில் கொட்டினாள். திருடினால்கூட ஒரு அர்த்தம் இருக்கிறது. கொட்டுவதா? எட்டிப் பார்த்தேன். தோல் செக்கச்செவேல் என்று இருந்தது. எடுத்து அழுத்திப் பார்க்கிற வயசில்லை எனக்கு.

“என்னாத்துக்குச் சித்தி கொட்டுற? அப்பா வெல ஏறும்னுதான வச்சிருக்காரு?”

சித்தி திடுக்கிட்டாள். பிறகு அங்கேயே குந்திக்கொண்டாள். “ஏறுமோ எறங்குமோ, யாரு கண்டா? எங்க வூட்டுலயும் இதே கததான். சிமெண்டு ஆலை என்னைக்கு ஓடும், என்னைக்கு நிக்கும்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. நாளைக்கு வர்றது தெரியலைங்கறதுக்காவ இன்னைக்கு நாறுறத உள்ள வச்சிக்கிட்டு இருக்க முடியுமாடி? ஒண்ணு நாறுனா பக்கத்துல உள்ளதும் போயிடும்.”

பேசி முடித்ததும் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். லஞ்சம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாங்கித் தின்றேன். தின்றதற்காக வாயை மூடுகிற ஆள் நான் இல்லை.

வெயில் தாழ அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி பெண்டாட்டியோடு அப்பா நேருக்கு நேர் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“வெல வர்ற நேரத்துல பட்டறையில கை வச்சாச்சு. இனிமே இந்த வூடு வெளங்குனாப்பலதான். பொட்டிய கட்டிக்கிட்டு ஆத்தா வூட்டுக்குப் போவச் சொல்லு. தம்பி வந்தா நான் பேசிக்கறேன்.”

சித்தி அழ ஆரம்பித்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போனால் அரியலூரில் தெருவே கேட்கும். அம்மாவின் பின்னால் நின்றபடி, “உள்ள வெங்காயம் அழுவுதுக்கா. ஒரு தடவ பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க மாமாவ. அப்பறம் போவச் சொன்னா போயிடறேன்” என்றாள்.

பிரிக்க முடியாது என்றார் அப்பா. அம்மா நேரே கொல்லைக்குப் போனாள். தட்டி இடுக்கில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது கை நனைந்திருந்தது.

“உள்ள சுடுதுங்க.”

அதற்குப் பிறகு பிரிக்காமல் இருக்க முடியுமா? கீற்றைத் தள்ளியதும் அடித்த நாற்றம் எனக்கே தெரிந்தது. நடுப்பகுதி முழுக்கக் கூழாகிக் கிடந்தது. சித்தி கை வைத்த பின்பக்கம் மட்டும் காய்ந்து, கலகலவென்று உதிர்ந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லதைத் தனியே பிரித்துப் போட ஆரம்பித்தார்.

அம்மா மட்டும் வேலையை விட்டுவிட்டுச் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க யாரு மூக்குக்கும் எட்டல. ஒனக்கு மட்டும் எப்படிம்மா?” என்றவள், கிட்டே போய்க் காதில் என்னவோ கேட்டாள். சித்தி தலையைக் குனிந்தாள். அழுகையும் நிற்கவில்லை, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். பாதி வெள்ளாமை பள்ளத்துக்குப் போகிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கும் மிட்டாய் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

அதைவிடக் கொடுமை அப்பா. காய்ச்சல் வந்தால்கூடப் பழம் வாங்காத மனிதர், மறுநாள் பெரம்பலூர் போய் ஒரு பை சாத்துக்குடி வாங்கிவந்து, சுவரைப் பார்த்து, “அந்தப் புள்ளைக்கிட்ட குடு” என்றார். அன்றிலிருந்து சித்திக்குத் தனிக் குழம்பு, அதிலும் நல்ல வெங்காயம். எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் கேட்பார் இல்லை. தின்று தின்று அவள் வயிறு பெருத்துக்கொண்டே போனது. ஏமாந்த வீட்டில் திருடிக்கு வந்த வாழ்வு என்று நான் பொருமினேன்.

ஆனால் நியாயம் கடைசியில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் அரியலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு அவள் வீட்டார் வந்தார்கள். இரண்டு கை நிறைய வளையல் போட்டு, சித்தியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெட்டியை அப்பாவே தூக்கி வேனில் வைத்தார். கொஞ்சம் தாமதமானாலும் அப்பா சொன்ன சொல்லை நிறைவேற்றிவிட்டார், அதற்குக் காரணம் நான்தான் என்று வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வேன் கிளம்பும்போது அம்மா சித்தியின் கன்னத்தை வழித்து, “நல்லபடியா ரெண்டு பேரா வந்து சேரு” என்றாள்.

எனக்குப் பகீரென்றது. ஒருத்தியையே காவல் காக்க முடியவில்லை, இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளாம். உள்ளே ஓடிப்போய், சமையற்கட்டில் இருந்த வெங்காயக் கூடையை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் மறைத்துவைத்தேன்.