டெஸ்ட்டுக்குப் போட்ட டயர்

என் டெம்போவின் டயர்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. தகுதிச் சான்று டெஸ்ட்டுக்கு மட்டும் மச்சானின் வண்டியிலிருந்து நல்ல டயர்களைக் கழற்றி மாட்டி, புதுப் பெயின்டும் அடித்துக் கொண்டுபோனேன். பாஸானதும் பழைய டயர்களையே திரும்ப மாட்டினேன். பலரும் செய்வதுதானே!

மறுவாரம் நல்லேப்பிள்ளி வளைவில் நல்ல மழை. பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிப்போய், மொபெட்டில் பால் கொண்டுபோன ஓர் அம்மாவை இடித்துத் தள்ளியது. அவர் முழங்காலில் ரத்தம் கொட்டியது.

கூடியவர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். அந்த அம்மாதான் தடுத்தார். "அவர உடுங்க. பெயின்டப் பார்த்தாத் தெரியலீங்களா? இப்பத்தான் டெஸ்ட் பாஸான வண்டி. மழைக்கு அவரு என்னங்க பண்ணுவாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

இப்போது என் வண்டியில் எல்லாமே புது டயர்கள். ஆனாலும் அவர் பால் கொண்டுபோகும் நேரத்தில் அந்த வழியே போக எனக்கு முகமில்லை.