சேவியர் சார் அறையின் குளிர்

ஏர்கோன்காரனைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வேர்த்துப் போய்த்தான் கூப்பிடுவார்கள். நடுங்கிக்கொண்டு கூப்பிட்டது என் அனுபவத்தில் ஒரே ஒரு வீடு. அடுத்தவர் வீட்டுச் சீலிங்குக்குள் தவழ்ந்து தூசி தின்ற தோழர்களே, கேளுங்கள்.

சமாதானம்

எண்பதுகளின் கடைசி. ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, சேவியர் சாரும் ரீட்டா டீச்சரும். சாருக்குக் குளிர் வேண்டும், டீச்சருக்கு ஆகாது. அதனால் ஆளுக்கோர் அறை. நான் மாட்டிய ஏசி மிஷின் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு தெர்மோஸ்டாட். அறை சூடாகி அது குளிர் கேட்டால், ஸ்டோர் ரூமில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டி அந்த அறையின் காற்றுக் குழாயை மட்டும் திறந்துவிடும். போதும் என்றால் மூடிவிடும். சார் குமிழைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது வருஷச் சண்டைய ஒரு பெட்டிய மாட்டித் தீத்துட்டியே தம்பி!"

ஆளில்லாத அறை

சார் இறந்த சில நாளில் மின்னல் அடித்துப் பெட்டி கருகிவிட்டது. புதுசு மாட்டிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து, சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அவர் மகள் போன் செய்தாள். அப்பாவின் அறை ஐஸாக இருக்கிறதாம். அம்மா அங்கேயே உட்கார்ந்து இருமுகிறாராம், வெளியே வர மறுக்கிறாராம்.

நான் போனது பட்டப்பகலில். டீச்சர் ஸ்வெட்டரோடு சாரின் கட்டிலருகே இருந்தார். தெர்மோஸ்டாட்டை அணைத்தேன். குளிர் வந்துகொண்டே இருந்தது. கழற்றிக் கையில் எடுத்தேன். அப்போதும் நிற்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

"நானும் அணைச்சுப் பாத்துட்டேன் தம்பி. அவர் விட மாட்டேங்கிறாரு லா."

இரண்டு ஒயர்

ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு அறைகளின் தெர்மோஸ்டாட் ஒயர்களையும் நானே மாற்றிச் சொருகியிருந்தேன். பூட்டிக் கிடந்த டீச்சரின் அறையில் அணைக்காமல் விட்ட தெர்மோஸ்டாட் வெக்கையில் குளிர் கேட்க, அந்தக் குளிர் சாரின் அறைக்குப் போயிருக்கிறது. கேட்ட அறை குளிரவே இல்லை, அதனால் கேட்பதும் ஓயவில்லை.

சரியாகச் சொருகினேன். சாரின் அறையில் காற்று நின்றது. சொல்லாமல் நழுவியிருக்கலாம், ஆனால் அந்த இருமலைக் கேட்கக் கேட்க வெட்கமாக இருந்தது. என் தப்புதான் டீச்சர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ ஒரு மாசமா என்கூடப் பேசினது யாரு தம்பி?"

'ஒயர் கோளாறு, சரி செய்தாயிற்று' என்று சர்வீஸ் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நான், அந்த அறையில் விட்டுவந்த ஸ்குரு டிரைவரை எடுக்க மட்டும் இன்றுவரை போகவில்லை.