அக்கா பார்த்த கொழும்பும் நான் பார்த்த கொழும்பும்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், ஆளுக்கொரு அறையாக அடுத்தடுத்த காம்பராவில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர்தான். அவள் அடுப்பில் கருவாடு வெந்தால் எங்கள் வீட்டுக்கு வாசம் வரும். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ஒருத்தியைப் பார்த்து வயிறெரிவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எரிச்சலுக்குக் காரணம் கொழும்பு. அக்காவின் சித்தி மகள் ஒருத்தி அங்கே ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். அவளைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆடிவேல் திருவிழா சமயத்தில் அக்கா கிளம்பிப் போனாள். பிள்ளைகுட்டி இல்லாதவள், நினைத்தால் கிளம்பலாம். போனது இரண்டு நாள், பேசியது இரண்டு வருஷம். பீலியில் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாலும் சரி, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, “கொழும்புல” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். மற்ற பெண்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் கேட்காத மாதிரி கேட்பேன்.

அவள் பார்த்தவை மொத்தம் ஐந்து. கடல், கப்பல், டிராம், லிப்ட், ஐஸ்கிரீம். எனக்கு மனப்பாடம். லிப்டில் ஏறும்போது அடிவயிறு கீழேயே நின்றுவிட்டது என்று அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கு என்ன குறை, ஊரெல்லாம் சுற்றுகிறாள், நான் மட்டும் கூடையும் முதுகுமாகக் கிடக்கிறேன் என்று கணவரிடம் புலம்பினேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்போது எங்கள் பெண்ணுக்கு ஐந்து வயது. ஒரு கண் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும். எதைக் கொடுத்தாலும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். லயத்து வாசல் சாக்கடைக் கானுக்குள் மூன்று தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை நெற்றியில் கட்டுப் போட்ட தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா, அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். இப்போதே கண்ணாடி போடாவிட்டால் அந்தக் கண் சோம்பிப் போய்விடும், பிறகு எது போட்டும் பிரயோசனமில்லை என்றார். பெற்றவள் அழ வேண்டும். நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மனதுக்குள் டிராம் ஓடியது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

கிளம்புவதற்கு முன் அக்காவின் வாயைக் கிளறினேன். கடலில் இறங்கினாயா என்று கேட்டேன். அலையைப் பார்த்ததும் பயந்துவிட்டதாகவும் கரையோடு திரும்பிவிட்டதாகவும் சொன்னாள். அவ்வளவு போதும் எனக்கு. அவள் பார்த்த ஐந்தையும் பார்ப்பது, ஆறாவதாகக் கடலில் இறங்கி நிற்பது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நானுஓயாவில் இரவு மெயில் ரயில் ஏறி விடியும்போது கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். கணவர், தோட்டத்துத் துரை கழித்துக் கொடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தார். நான் பிள்ளைக்கு இரண்டு சுவெட்டர் மாட்டியிருந்தேன். எங்கள் ஊரில் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். கொழும்பில் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் மூன்று பேரும் வியர்வையில் நனைந்துவிட்டோம். அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, வேண்டுமென்றே விட்டிருப்பாளோ என்று அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் காலையில் ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். பிள்ளையின் கண்ணில் மருந்து விட்டார்கள். பெரிய டாக்டர் பின்னேரம் நாலு மணிக்கு வருவார், கண்ணாடிக்கு அவர்தான் எழுத வேண்டும், அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட வேண்டும், அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார் என்று நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னாள். கணவர் தலையைத் தலையை ஆட்டினார். நான் நாலு மணி வரை எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிராமில் ஏறினோம். கோட்டையில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து லிப்டில் மேலே போனோம். அக்கா மேலே போனதோடு சரி, இறங்கும்போது படியில் வந்தவள். நான் லிப்டிலேயே இறங்கினேன். அடிவயிறு எங்கேயும் நிற்கவில்லை, அவள் சொன்னது சுத்தப் புளுகு. புறக்கோட்டையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை மூக்கில் பூசிக்கொண்டாள். துறைமுகப் பக்கம் போய்க் கப்பல் பார்த்தோம். அக்கா இரண்டு கப்பல் பார்த்திருந்தாள், நான் ஏழு எண்ணினேன். ஏழாவது கப்பல்தானா இல்லை படகா என்று கணவர் சந்தேகப்பட்டார். கப்பல்தான் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் காலிமுகத் திடல். கணவரும் பிள்ளையும் கரையில் உட்கார, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. அலை காலுக்குக் கீழிருந்த மணலைப் பிடுங்கியபோது ஆண்டவனே என்று கத்திவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கடலும் தெரியவில்லை, அலையும் தெரியவில்லை. பீலிக்கரையில் நின்று இதையெல்லாம் சொல்லும்போது அக்காவின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் தெரிந்தது. பிள்ளையையும் இழுத்து வந்து தண்ணீரில் நிறுத்திக் கடலைப் பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும்மா” என்றாள்.

கண்ணில் விட்ட மருந்து அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் கூட்டி வந்தும் பார்க்கமாட்டேன் என்கிறாளே என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

கணவர் நேரமாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டார். எங்களிடம் கைக்கடிகாரம் ஏது? பக்கத்தில் குடையோடு ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார், கையில் கடிகாரம் மின்னியது. அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று கணவர் எழுந்தார். நான் விடவில்லை.

“ஏங்க, பொழுதப் பாருங்க. எங்க நிக்கிது? ரெண்டு மணிகூட ஆயிருக்காது” என்றேன்.

எங்கள் தோட்டத்தில் மணி பார்ப்பது அப்படித்தான். லயத்துக்கு மேற்கே ஒரு மலை, வெயில் மூன்றரை மணிக்கெல்லாம் அதற்குப் பின்னால் போய்விடும். நிழல் இறங்கி ரோட்டைத் தொட்டால் பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம். பிறந்ததிலிருந்து அதுதான் எனக்குக் கடிகாரம், ஒரு நாளும் பிசகியதில்லை. கொழும்பில் மலை இல்லை. சூரியன் போய் மறைவதற்கு அங்கே கடலைத் தவிர ஒன்றும் இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வெயில் பளீரென்று அடித்தது, நானும் ஆற அமர நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது விறாந்தை காலியாக இருந்தது. ஒரு பெண் வாளியும் துணியுமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கணவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஐந்தேகால். பெரிய டாக்டர் வந்து, பார்த்து, போயும் விட்டார். மிஸ்ஸி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பழைய துண்டை வாங்கிப் புதுத் தேதி எழுதிக் கொடுத்தாள். ஐந்து மாதம் கழித்து.

ரயிலில் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிள்ளை என் மடியில் தூங்கினாள். அந்த ஐந்து மாதத்தில் கண் சோம்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே வந்தேன். அப்படியிருந்தும் அக்காவிடம் லிப்டைப் பற்றி முதலில் சொல்வதா, கடலைப் பற்றி முதலில் சொல்வதா என்று இன்னொரு பக்கம் யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

மறுநாள் லயத்து வாசலில் கால் வைக்கும் முன்னே அக்கா ஓடி வந்தாள்.

“டாக்டர் என்னா சொன்னாரு புள்ள?”

பெரிய டாக்டர் அன்று வரவில்லை என்று பொய் சொன்னேன். சொன்ன கையோடு கடலில் இறங்கியதைச் சொன்னேன், ஏழு கப்பலைச் சொன்னேன், லிப்டில் இறங்கியதையும் சொன்னேன். அவள் முகம் போகவே இல்லை. நான் சொன்னது காதில் விழுந்ததாகக்கூடத் தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னும் ஐந்து மாதமா, இன்னும் ஐந்து மாதமா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து நான் நிறைமாதம். ரயிலேற முடியாது. அக்காதான் பிள்ளையைக் கூட்டிப் போனாள். சித்தி மகள் தங்கியிருந்த அறையில் ஆறு நாள் இருந்து, கண்ணாடி தயாராகும்வரை காத்திருந்து வாங்கி வந்தாள். இந்தத் தடவை எங்கெல்லாம் சுற்றினாயோ என்று குத்தலாகக் கேட்டேன். ஆஸ்பத்திரியையும் அந்த அறையையும் தவிர ஒரு இடமும் போகவில்லையாம். எங்காவது போய் நேரம் தவறிவிடுமோ என்று பயமாம். என் கணவர் அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அன்றும் சரி, அதன் பிறகும் சரி.

டாக்டர் கண் தப்பிவிட்டது என்று சொன்னாராம். பிள்ளை முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடியோடு எங்கள் காம்பராவுக்குள் வந்தாள். சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கண்ணாடி போட்டதும் மொதல்ல பெரியம்மாவத்தான் பாத்தேன். பெரியம்மா மூக்குகிட்ட ஒரு மச்சம் இருக்கும்மா, சின்னதா, அழகா.”

எனக்கு அந்த மச்சத்தைப் பத்து வருஷமாகத் தெரியும். அதில் அழகு இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கடலுக்கும் லிப்டுக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பொறாமையா? பெற்றது நான், முதலில் தெரிந்த முகம் அவளுடையது. இப்போது என் மகளின் பிள்ளைகளே பெரியவர்களாகிவிட்டார்கள், எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பிள்ளை என் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நெற்றியிலிருந்து தாடை வரை தேடினாள்.

“ஒனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.